பேசாமலே பேர் வாங்கிய பாத்திரங்கள்

பிரிட்டிஷ் அனிமேஷன், உலகத்துக்குத் தந்த பாத்திரங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை ஒரு சொல்கூடப் பேசாதவை. பெரிய முதலீடு இல்லாத சிறு கலைக்கூடங்கள், கைத்திறனை மட்டுமே நம்பி வளர்த்தெடுத்த மரபாகவே அந்த மௌனத்தை நான் பார்க்கிறேன்.

ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் இங்கிலாந்தின் கேன்டர்பரிக்கு அருகே, ஃபர்மினின் பண்ணையிலிருந்த பழைய மாட்டுத்தொழுவத்தில் படமெடுத்தார்கள். 1969இல் பிபிசியில் ஒளிபரப்பான அவர்களது ‘கிளாங்கர்ஸ்’ தொடரில், சின்னஞ்சிறு கோள் ஒன்றில் வாழும் இளஞ்சிவப்பு உயிர்களை ஃபர்மினின் மனைவி ஜோன் கம்பளி நூலால் பின்னிக் கொடுத்தார். அவற்றுக்கான வசனங்களை போஸ்ட்கேட் ஆங்கிலத்தில் முழுமையாக எழுதிவைத்து, அந்த ஏற்ற இறக்கம் பிசகாமல், இழுத்துத் தள்ளும் தண்டு கொண்ட ஊதுகுழலில் ஒலிக்கச் செய்தார். சொல் புரியாவிட்டாலும் கோபமும் கெஞ்சலும் குழந்தைகளுக்குத் தெளிவாகவே புரிந்தன.

1982இல் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘தி ஸ்னோமேன்’ படத்தின் கதையும், இடையில் வரும் ஒரு பாடலைத் தவிர, வசனமே இல்லாமல் நகர்கிறது.

இந்த மரபின் உச்சம் குரோமிட் என்ற களிமண் நாய்தான். இயக்குநர் நிக் பார்க் திரைப்படக் கல்லூரி மாணவராகத் தொடங்கிய, குரோமிட்டின் முதல் படம், அவர் பிரிஸ்டலிலுள்ள ஆர்ட்மேன் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, 1989இல்தான் நிறைவடைந்தது. குரோமிட்டுக்குக் குரல் கொடுக்கவே அவர் முதலில் எண்ணியிருந்தார். புருவத்தைச் சற்று அசைத்தாலே அதன் மனம் வெளிப்பட்டுவிடுவதைக் கண்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். வாயே இல்லாத அந்த முகத்தில், களிமண் புருவத்தின் உள்முனை உயர்ந்தால் கவலை, தாழ்ந்தால் சலிப்பு. விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்துக்காக இப்படி ஒவ்வோர் அசைவையும் விரலால் திருத்தித் திருத்திப் படமெடுப்பதால், நாள் முழுவதும் உழைத்தாலும் சில விநாடிக் காட்சியே கிடைக்கும். உற்றுப் பார்த்தால் களிமண்ணில் கைரேகை பதிந்திருப்பதையும் காணலாம்.

1993இல் வெளிவந்து ஆஸ்கர் வென்ற ‘தி ராங் டிரவுசர்ஸ்’ படத்தில் ஃபெதர்ஸ் மெக்ரா என்ற பென்குயினுக்குப் புருவமும் இல்லை. மணி போன்ற இரண்டு கறுப்புக் கண்களை இமைக்காமல் நிற்கும் அந்தத் திருடனைவிட அச்சமூட்டும் வில்லனை நான் அனிமேஷனில் கண்டதில்லை. ஓடும் பொம்மை ரயிலில் அவனைத் துரத்தும் குரோமிட், தண்டவாளத் துண்டுகளைத் தானே முன்னால் போட்டுக்கொண்டு விரையும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

1995இல் குரோமிட்டின் படமொன்றில் துணைப் பாத்திரமாக அறிமுகமான ஷான் என்ற ஆட்டுக்கு 2007இல் தனித் தொடரே கிடைத்தது. அதில் பண்ணைக்காரர்கூட முணுமுணுக்கத்தான் செய்கிறார் என்பதால், எந்த நாட்டுக்கும் டப்பிங் இல்லாமலே அத்தொடர் போய்ச் சேர்ந்தது. 2015இல் வந்த முழுநீளப் படத்திலும் புரியக்கூடிய வசனம் ஒன்றுகூட இல்லை. மனித உடையில் உணவகத்துக்குள் நுழைந்துவிட்ட ஆடுகள், பக்கத்து மேசைக்காரர் செய்வதை எல்லாம் அப்படியே திருப்பிச் செய்யும் காட்சிதான் என் கணிப்பில் அப்படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை.