ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

ஸ்பானிஷ் ஆசிரியர் நண்பர்கள் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது டெலே (ஸ்பானிஷ் மொழித் திறன் தேர்வு) தேர்வாளர் பயிற்சியைத்தான், அதாவது அந்தத் தேர்வில் மதிப்பெண் போடுபவர்களுக்கான பயிற்சி. டெலே தேர்வை நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனமே (ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கியது) இதையும் நடத்துகிறது.

தேர்வாளர் ஆகும் எண்ணம் இல்லாவிட்டாலும் படிக்கலாம். ஒரு மாணவர் பேசுவது பி1ஆ, பி2ஆ (ஏ1 முதல் சி2 வரை போகும் மொழித் திறன் நிலைகளில் நடுவில் இருப்பவை) என்று நாமெல்லாம் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறோம். இங்கே மாதிரி விடைகளுக்கு அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டுப் பழக வேண்டும். பிறகு வகுப்பில் நாம் திருத்தும் விதமே மாறிவிடும். எதைத் திருத்துவது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பது பிடிபடும்.

காசு செலவழிக்க முடியாதவர்கள் 2006இல் வெளியான செர்வாந்தெஸ் பாடத்திட்டத்தை அவர்களுடைய இணைய மையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். தடித்த சமாச்சாரம், முழுதாகப் படிப்பதெல்லாம் நடக்காது (நானும் படித்ததில்லை!). எடுக்கும் நிலைக்குரிய பகுதி போதும்.

சலமான்கா பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர்களுக்கான படிப்புகள் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 1917இல் தொடங்கிய ஸ்பானிஷ், போர்த்துகீசிய ஆசிரியர் சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறார்கள்.

சி1–சி2 தேர்வாளர் பயிற்சி முடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எழுத்துத் தேர்வுப் பகுதி எப்படி இருந்தது என்று சொல்லுங்களேன்.