கேப் போட்ட பிறகும் வலித்த பல்

ரூட் கெனால் முடிந்தது, கேப்பும் மாட்டியாகிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் கொஞ்சம் கெட்டியாக எதைக் கடித்தாலும் சுரீர் என்றது. கிளினிக்கில் கேட்டால், "நரம்பையே எடுத்தாச்சு, வலிக்க வாய்ப்பே இல்லை" என்று அதே பதில், கூடவே ஆன்டிபயாடிக் சீட்டு. நரம்பு போனாலும் வேர் நுனியைச் சுற்றியுள்ள திசுவில் கிருமி இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அதை அங்கே யாரும் சொல்லவில்லை.

சரி என்று, வேர் சிகிச்சைக்கென்றே எம்.டி.எஸ். படித்த வேறொரு டாக்டரிடம் போனேன். பழைய எக்ஸ்ரே கேட்டார். அதற்காகத் திரும்பப் பழைய இடம். "டாக்டர் வந்தால்தான் தருவோம்" என்றது வரவேற்பு. டாக்டர் வந்ததும், "நாங்க தர்றதில்லை." என் பல், என் காசு! நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்ததும் படம் வாட்ஸப்பில் வந்துவிட்டது.

அதையும், பல்லை முப்பரிமாணத்தில் காட்டுகிற சிபிசிடி ஸ்கேனையும் வைத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. மேல் கடைவாயில் முதல் பெரிய பல்லுக்கு வேர் மூன்றுதான். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கிற வேரில் பெரும்பாலும் இரண்டு கெனால், அதாவது நரம்பு ஓடுகிற குழாய், இருக்கும். இரண்டாவது தலைமுடி மாதிரி மெல்லிசு, சுலபமாகத் தப்பிவிடும். எனக்கு அதைத் தொடவே இல்லை.

கேப்பை அறுத்து, பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்துத் தேடிப் பிடித்தார். இந்தத் தடவை பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டியிருந்ததால் கழுவுகிற மருந்து ஒரு சொட்டுகூட வாய்க்குள் இறங்கவில்லை. முதல் இடத்தில் பிளீச்சிங் பவுடர் வாடை தொண்டை வரைக்கும் போனது. ரப்பர் ஷீட் போடாத இடத்தில் நான் இனி வாய் திறப்பதாக இல்லை.

நீங்கள் போனால் எத்தனை கெனால் கிடைத்தது என்று கேளுங்கள். முடிந்த அன்றே கடைசி எக்ஸ்ரேவை போனில் வாங்கிக்கொள்ளுங்கள். கடித்தால் வலி இருக்கும்போது கேப்புக்கு அளவு எடுக்க விடாதீர்கள். அதற்காகக் கேப்பே வேண்டாம் என்றும் இருந்துவிடக் கூடாது, கடைவாய்ப் பல் பிளந்துவிடலாம்.

அறுத்த கேப்புக்கு வாரண்டி கார்டு பத்திரமாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். தானாக உடைந்தால்தான் செல்லுமாம், அறுத்தால் செல்லாதாம். புதுக் கேப்புக்கு மறுபடி முழுக் காசு.