அடுப்பில்லாத ஐந்து நாள்கள்

ஏழு நாள் சமைக்காத உணவு என்று தொடங்கிய சவாலில் இன்று ஐந்தாம் நாள். பழம், காய்கறி, கீரை, ஊறவைத்த பாதாம். அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாளும் தலைவலி. காபியைத் திடீரென நிறுத்தியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் வயிறு உப்பிக்கொண்டது. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் அப்படித்தான் ஆகும். நேற்றிலிருந்து உடல் இலேசாக இருக்கிறது. என்னை வியக்க வைத்தது மெல்லும் நேரம். ஒரு தட்டு கேரட்டை முடிக்க அரை மணி நேரம் ஆகிறது! பசி படிப்படியாக அடங்குவதை இத்தனை தெளிவாக நான் உணர்ந்ததே இல்லை.

ஆனால் ‘சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும்’ என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வைட்டமின் சி குறையும், உண்மைதான். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்தையோ சமைத்த பிறகுதான் உடல் நன்றாக உறிஞ்சுகிறது. ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். முளைகட்டிய பயறிலும் கிருமிகள் பெருகலாம் என்பதால் கர்ப்பிணிகள் அதைப் பச்சையாக உண்ணவே வேண்டாம். தங்கைக்கு இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு நாள். எட்டாம் நாள் காலையில் சூடாக ஒரு கிண்ணம் தக்காளி சூப் வைக்கப் போகிறேன்.