சேசிஸ் நம்பர் கேட்காமல் கொடுத்த பிரேக் பேட்

“அண்ணே, இது அந்த வண்டிக்குச் சேராதுண்ணே.”

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மன்னார்குடித் தம்பி இதைச் சொன்னபோது, நான் ஸ்பேர் பார்ட்ஸ் தொழிலுக்கு வந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. கழற்றிய பழைய பிரேக் பேடையும் நான் கொண்டுபோன புதியதையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். புதிய பேடின் காது ஒரு நூல் அகலம் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் உட்காராது.

கார் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் கிடந்தன. இனி சரியான பேட் வரும்வரை அந்த லிஃப்டில் வேறு வண்டி ஏற்ற முடியாது. அந்த ஒர்க்‌ஷாப்பில் இருப்பதே இரண்டு லிஃப்ட். முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மனசு இவ்வளவு வலித்திருக்காது.

தவறு முழுக்க என்னுடையது. மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிங்கப்பூரில் ஒரே பெயரில் ஓடும் இரண்டு கார்களில் ஒன்று ஏஜென்ட் இறக்கியதாக இருக்கும், மற்றது ஜப்பானிலிருந்து வேறு வியாபாரி நேராகக் கொண்டுவந்த பிஐ (பேரலல் இம்போர்ட்) வண்டியாக இருக்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். அடியில் பிரேக், ஷாக் அப்சார்பர், சில சமயம் இன்ஜினே வேறு. அன்று லிஃப்டில் நின்றது பிஐ. நான் கொண்டுபோனது ஏஜென்ட் வண்டியின் பேட்.

அதற்கு முன் 18 ஆண்டுகள் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருந்தேன். ஜப்பான், தாய்லாந்து, தைவானிலிருந்து வரும் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகளின் பட்டியல் தினமும் என் மேசைக்கு வரும். பெயர்கள் எல்லாம் அத்துப்படி. பொருளைக் கையில் தொட்டதில்லை. 44 வயதில் வேலையை விட்டபோது மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: “மசேநிக்கு என்ன செய்வீங்க?” மசேநி என்பது மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு. அதில் முதலாளி தரப்பில் மாதாமாதம் விழும் சம்பளத்தின் 17 விழுக்காடு நின்றுபோகும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதில்தான் இல்லை.

இருந்தும் இந்தத் தொழிலில் இறங்கியதற்குக் காரணம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்நிறுத்தத்தில் நின்ற பழைய கார்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ, அதாவது பத்து வருடம் கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ், 150,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. பத்து வருடம் முடிந்ததும் காரைக் கழித்துக்கட்டிப் புதிது வாங்குவதா, கடைசி மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி இன்னும் ஐந்தோ பத்தோ வருடம் ஓட்டுவதா என்று கணக்குப் போட்டவர்களில் பலர் பழைய வண்டியையே வைத்துக்கொண்டார்கள். அதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போன கார், பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் போக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ரப்பர்தான் முதலில் போகும். இன்ஜின் மவுன்டிங், லோயர் ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்ட் பூட் எல்லாம் வெடித்துக் கிரீஸ் கக்கும். இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே என்று நினைத்தேன். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தொழிலைப் பதிவு செய்ய 115 வெள்ளி, ஒரு மாலை நேரம். அது ஒன்றும் பெரிதில்லை. கடன்தான் கழுத்தைப் பிடித்தது. ஒர்க்‌ஷாப்காரர்கள் 30 நாள் தவணை கேட்பார்கள், அது 60 ஆகும். எனக்குச் சரக்குக் கொடுப்பவர்களோ புது ஆள் என்று ரொக்கம் கேட்பார்கள். இந்த இடைவெளியில் என் சேமிப்பு பாதி கரைந்தது. லாபம் ஏட்டில் இருக்கும், கையில் காசு இருக்காது. புதிதாக வருகிறவர்கள் கடை வாடகையைவிட இதைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஜாலான் புசார் பக்கம் பழைய கடை ஒன்றில் எழுபது வயதுச் சீனப் பெரியவர் ஒருவர் எனக்குக் கண் திறந்துவிட்டார். மலாய் கலந்த ஆங்கிலத்தில் பேசுவார். டொயோட்டா பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் என்ன பொருள் என்று சொல்லும், அடுத்த ஐந்து எந்த வண்டிக்கு என்று சொல்லும் என்றார். 04465 என்றால் முன் பிரேக் பேட், 04466 என்றால் பின். வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரையும் எழுதிக் காட்டினார். ஜப்பான் உள்நாட்டு வண்டி என்றால் மற்ற வண்டிகளில் இருப்பதுபோல் 17 இலக்கம் இருக்காது. மாடல் குறியீடு, நடுவில் ஒரு கோடு, அப்புறம் ஆறோ ஏழோ இலக்கம். அந்தக் கோட்டைப் பார்த்தாலே பிஐ என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 18 ஆண்டு கன்டெய்னர் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்த எனக்கு, இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று அன்று இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாளிலிருந்து, சேசிஸ் நம்பர் உட்பட வண்டியின் பதிவு விவரம் இருக்கும் லாக் கார்டின் படம் வராமல் விலை சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அவசரக்காரர்கள் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். பழைய வேலையில் பழகிய பொறுமை இங்கே சோறு போடும் என்று நம்பினேன், போட்டது.

மின்சாரக் கார்களைப் பற்றிக் கேட்கிறார்கள். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாமே தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். முழு மின்சார வண்டிக்கு ஆயில் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் தேவையில்லை. பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். ஆனால் கேபின் ஃபில்டர், வைப்பர், புஷ், ஷாக் அப்சார்பர் வேண்டும். வண்டி கனம் என்பதால் கீழ்ப்பக்கச் சாமான்களுக்குச் சுமை அதிகம். ஸ்பார்க் பிளக் வைத்திருந்த இரண்டு தட்டில் ஒன்றைக் காலிசெய்து கேபின் ஃபில்டர் அடுக்கிவிட்டேன்.

போன வாரம் இரவு ஏழு மணிக்கு அதே மன்னார்குடித் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப். பத்து வயது தாண்டிய லாரி, ஆறு மாதச் சோதனை மறுநாள் காலை, பின் பிரேக் வேண்டும். லாக் கார்டு படம், சேசிஸ் பிளேட் படம், கழற்றிய பிரேக்கின் இரண்டு பக்கப் படம் எல்லாம் நான் கேட்காமலே வந்திருந்தன. கடையைத் திறந்து, நம்பரை இரண்டு முறை பார்த்து எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். தம்பி பெட்டியைப் பிரித்து, பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். “சரியா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தார்.