அவனா, அவரா?

இங்கிலாந்தின் எக்ஸிட்டருக்கு வந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டு அம்மாளை வாய் தவறி 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுவிட்டேன். 78 வயது. "நான் எப்போது உனக்கு அத்தை ஆனேன்? பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அப்பா பேரை ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்லும் அம்மாவிடம் வளர்ந்தவள் நான்.

சமாதானத்துக்கோ என்னவோ, மறுநாள் ஒரு தடிமனான நாவலைக் கொடுத்தார். ஹிலாரி மான்டல் எழுதிய 'வுல்ஃப் ஹால்'. 2009-இல் இதற்கும், 2012-இல் அடுத்த பாகத்துக்கும் புக்கர் பரிசு. இங்கே பக்கத்தில், கூழாங்கல் கடற்கரை உள்ள பட்லி சால்டர்டனில்தான் கடைசிக் காலத்தில் இருந்தாராம், 2022-இல் இறந்துபோனார். கணவர் வேலைக்காக போட்ஸ்வானா, ஜித்தா என்று மூட்டை கட்டியவர். அட, நம்ம கட்சி.

கதை 1500-இல் தொடங்குகிறது. லண்டன் பக்கம் பட்னியில் கொல்லன் மகன் தாமஸ் கிராம்வெல் அப்பனிடம் உதை வாங்கி முற்றத்தில் கிடக்கிறான். கடல் தாண்டி ஓடுகிறான். பிற்பாடு இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் மந்திரி ஆகிறார்.

பாருங்கள், 'ஆகிறார்' வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஹி'. அதிலும் மான்டல் அந்தச் சொல்லை கிராம்வெலுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார். யார் பேசுவது என்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கோ மனசுக்குள் தமிழில் ஓடுகிறது. எந்த இடத்தில் 'அவன்' 'அவர்' ஆனான்? ராஜாவுக்கு வலக்கையாக இருந்த கார்டினல் வுல்சியிடம் வேலைக்குச் சேர்ந்தபோதா? பரம்பரைப் பிரபுக்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால், 1540-இல் கிராம்வெல் தலையை வெட்டுகிற வரைக்கும் 'அவன்'தான்.

அப்பா தாலுகா ஆபீஸில் பியூனாக இருந்தார். அவரைவிடச் சின்ன வயசு அதிகாரி 'வா, போ' என்பார். கிளார்க் ஆன அன்று அதே ஆள் "வாங்க, உட்காருங்க" என்றாராம். ராத்திரி ரசம் சோறு ஆறிப்போக, அம்மாவிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

சரி, இப்போது பழகிவிட்டது. மேனேஜரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நேற்று குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது பக்கத்து வீட்டம்மா எதிரே வந்தார். தைரியமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கூடவே ஒரு 'ங்க'வும் ஒட்டிக்கொண்டு வந்தது.