பாம்பன் பக்கம் போனா ராஜேஸ்வரி அம்மாவைப் பத்திக் கேளுங்க

ராமேஸ்வரம் போறவங்க கோயில், பாலம், தனுஷ்கோடின்னு பார்த்துட்டுத் திரும்பிடுறாங்க. நான் இந்த தடவை போனது இலங்கை வானொலி ராஜேஸ்வரி சண்முகம் அம்மா குரலைக் கேட்டு வளர்ந்தவங்களைப் பார்க்க. வானொலிக்குயில்னு கொண்டாடினாங்களே, அவங்கதான்.

தங்கச்சிமடத்துல கருவாடு காயப்போட்டிருந்த ஒரு ஆத்தாகிட்ட பேரைச் சொன்னதும் முகமே மாறிருச்சு. "ராசேசுவரியா? அது எங்க வீட்டுப் பொம்பளைல்ல தம்பி"ன்னாங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போயிருப்பாங்க, குழம்பு கொதிச்சிட்டு இருக்கும், இங்க 'பூவும் பொட்டும்' ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் ரேடியோ இருக்கிற திண்ணைக்கு வந்துருமாம். பொம்பளைங்களுக்குன்னே அவங்க நடத்துன நிகழ்ச்சி அது. அட்டகாசமா அதட்டிப் பேசாம, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி தெளிவாப் பேசுவாங்கன்னு சொல்லிட்டு ஆத்தா அதே மாதிரி "வணக்கம்"னு ஒரு தடவை இழுத்துச் சொல்லிக் காட்டினாங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

கொழும்புல பேசுறது இங்க எப்படி இவ்வளவு சுத்தமா கேட்டுச்சுன்னா காரணம் கடல்தான். ரேடியோவோட மத்திய அலை (மீடியம் வேவ்) உப்புத்தண்ணி மேல போகும்போது மண்ணு மேல போறதை விட ரொம்பக் கம்மியாத்தான் தேயும். தலைமன்னார் தனுஷ்கோடியில இருந்து 30 கிலோமீட்டர்கூட வராது, அந்தக் காலத்துல ரயில்ல வந்து கப்பல் ஏறி அங்க போய் இறங்கி மறுபடி ரயில் பிடிச்சு கொழும்பு போனவங்க ஊரு இது, 1964 புயல்ல தனுஷ்கோடியே போயிருச்சு, ஆனா ரேடியோ மட்டும் நிக்காம வந்துட்டே இருந்துச்சு.

1952ன்னு ஒரு வருஷம். நம்ம அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி வந்தது அப்பதான், ஜனங்க இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினாங்க. அதே வருஷம்தான் ராஜேஸ்வரி அம்மா வானொலி நாடகத்துல குரல் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அறிவிப்பாளர் ஆனது அப்புறம். வீட்டுக்காரர் சி. சண்முகமும் நாடகம் எழுதுறவர். என்னைக் கேட்டா நாடகத்துல பழகின அந்த நாக்குதான் அவங்க பலம், ஒரு ழகரம் கூட வழுக்காது, அவசரமே இருக்காது. ஒரு பொம்பள இவ்வளவு மரியாதையா, இவ்வளவு நிமிர்ந்து பேசுறதை இந்தக் கரைப் பொண்ணுங்க தினமும் கேட்டாங்கன்னா அது சின்ன விஷயமா சொல்லுங்க!

1983 கலவரத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து அகதியா மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தவங்களும் இதே குரலைக் கேட்டு வளர்ந்தவங்க. ஊரை விட்டுட்டு வந்தவங்களுக்கு அந்தக் குரல் என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுட்டே மண்டபம் ரோட்டுல ரொம்ப நேரம் நடந்தேன்.

2012 மார்ச்ல அவங்க தவறிட்டாங்க. இப்ப பாம்பன்ல மீனவங்களுக்குன்னே 90.4 எஃப்.எம்.ல கடல் ஓசைன்னு ஒரு ரேடியோ இருக்கு, 2016ல ஆரம்பிச்சது, காத்து, கடல் நிலவரம் எல்லாம் சொல்றாங்க. அங்க வேலை பார்க்கிற தம்பி தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா ஒரு மைக்கை எடுத்துட்டுத் தங்கச்சிமடம், சின்னப்பாலம் பக்கம் போங்க. பாசி எடுக்கப் போற வயசான அம்மாக்கள்கிட்டயும் கேளுங்க. இலங்கை ரேடியோ ஞாபகம் வச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க, பேசவும் ஆசையா இருக்காங்க, சீக்கிரம் போங்க.