வடிக்கும் கருவியைவிட அரைக்கும் கருவியே முக்கியம்

வீட்டிலேயே நல்ல காபி போட எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், வடிக்கும் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையால் சுற்றி அரைக்கும் கிரைண்டர் ஒன்றை வாங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன். பிளேடு சுழலும் கிரைண்டர் கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால், தூளில் மாவும் பெரிய துணுக்குகளும் கலந்தே கிடக்கும். வெந்நீர் பட்டதும் மாவு மிதமிஞ்சிக் கரைந்து கசப்பை இறக்க, துணுக்குகளோ உள்ளே சரியாக ஊறாமல் புளிப்பை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும்; இவை இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கைக் கிரைண்டரில் பல் வைத்த இரண்டு பாகங்களுக்கு இடையே நசுங்கும் கொட்டை, அந்த இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்த பிறகே கீழே விழுகிறது என்பதால், தூள் ஏறக்குறைய ஒரே சீராக வரும்.

வடிப்பதற்கு ஒரு கூம்பும் வடிதாளும் போதும். ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் தம் மகனின் நோட்டிலிருந்து எடுத்த மை ஒற்றும் தாளை வைத்து வடித்துப் பார்த்து, 1908இல் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. தாளை முதலில் வெந்நீரால் நனைத்துவிட்டு, 15 கிராம் தூளின் மேல் 30 கிராம் அளவுக்கு மட்டும் நீரை ஊற்றி அரை நிமிடம் பொறுக்க வேண்டும். வறுத்து அதிக நாள் ஆகாத கொட்டையாக இருந்தால், உள்ளே தங்கியிருந்த கரியமில வாயு வெளியேறும்போது தூள் குமிழிகளோடு பொங்கி எழும். பொங்காவிட்டால் கொட்டை பெரும்பாலும் பழையதுதான். அதன் பிறகு மெல்லிய தாரையாக நடுவிலிருந்து வட்டமிட்டபடி ஊற்றி, மொத்த நீரை 250 கிராமுக்குக் கொண்டுவரலாம். கொதி அடங்கிய, 92 முதல் 96 டிகிரி வரையிலான சூடே போதுமானது.

தூளை நீரில் ஊறவைத்து, கம்பிவலைத் தட்டால் அழுத்தி வடிக்கும் குடுவையான பிரெஞ்ச் பிரஸ் இன்னும் எளிது: கல்லுப்பு அளவுக்கு அரைத்து, 4 நிமிடம் ஊறவைத்து, மெதுவாக அழுத்தினால் முடிந்தது, அடியில் தங்கும் வண்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கரண்டிக் கணக்கை நான் நம்புவதில்லை, ஏனெனில் கொட்டையின் வறுவலுக்கு ஏற்ப ஒரே கரண்டியின் எடை மாறும். சிறிய தராசு இருந்தால் அளவையும் நீரையும் அப்படியே வைத்துக்கொண்டு, கசந்தால் சற்றுப் பெரிதாகவும் புளித்தால் சற்றுப் பொடியாகவும் அரைத்து, ருசி பிடிபடும் வரை கிரைண்டரில் பற்களின் இடைவெளியை மாற்றும் திருகை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.